அஞ்சாவது ஆள் வெளியே!

சங்கையா அண்ணாச்சி இரும்புக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். வாயை ஒரு பக்கமாகக் கோணி வைத்திருந்தார். வலது கை கட்டிலுக்கு வெளியே துவண்டு தொங்கியது. இடுப்பில் கைலி, நெஞ்சின் மேல் ஒரு துண்டு. பக்கத்தில் வெந்நீர்ப் பேசினும் துணியுமாக நான் நின்றேன்.

அவருக்கு ஒரு நோயும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அன்றைக்கு எனக்குச் செய்முறைத் தேர்வு, அவர் என் நோயாளி, அவ்வளவுதான். அதற்கு முன் பல வருஷம் பட்டாசு ஆலையில் என்னை வேலை வாங்கிய போர்மேனும் அவரேதான்.

போன வாரம், ஊசிக்குப் பயந்து பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்ட ஆளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த ஆள் யாரென்று தெருவே கண்டுபிடித்துவிட்டதாம். என் வீட்டுக்காரர் என்னை முறைத்துக்கொண்டே திரிகிறார். இந்த வாரம் அவர் தலை தப்பியது, சங்கையா அண்ணாச்சி மாட்டிக்கொண்டார்.

நாங்கள் ஆபீஸுக்குப் போகிறவர்கள்

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி செய்தாலும் ஆபீஸ்தான். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்த சாத்தூர்க்காரர் ஒருவர், "பொண்ணு ஆபீஸ் போகுதாமே" என்று பூரித்துப் போனார். விஷயம் தெரிந்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். போகட்டும், காப்பி மிச்சம்.

நான் இருந்தது திருத்தங்கல் தாண்டி ஓர் ஆபீஸில், வெடிக் குழலுக்குள் மருந்து செலுத்துகிற, அதாவது அடைக்கிற, அறையில். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வாசல் சுவரில் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும். எழுத்து இல்லாவிட்டாலும் சங்கையா அண்ணாச்சியின் தொண்டை இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு நிழல் வாசலில் விழுந்தால் போதும், "அஞ்சாவது ஆளு வெளிய!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காக்கா பறக்கும். ஒரு தடவை முதலாளியின் மருமகனே அப்படி வெளியே போனார். வெயிலில் நின்று, வந்த சேதியை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அண்ணாச்சி ஏன் அப்படி என்பதை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். சின்ன வயதில் அண்ணாச்சி வேறோர் ஆபீஸில் இருந்தார். தீபாவளி சீசன் நேரம். லோடு அனுப்புகிற அவசரத்தில் அறைக்குள் கூடுதலாக ஆள் போட்டிருந்தார்கள். இவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். இவர் மட்டும்தான் வெளியே வந்தார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. எங்கே போனாலும் தலையை எண்ணுவார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். நான், வீட்டுக்காரர், மாமியார், மகள் பவித்ரா என்று உள்ளே நாலு பேர் இருப்போம்.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்பேன்.

"உள்ளதான் நாலு பேரு இருக்கீகளே. நான் இங்கனயே நிக்கேன்."

பவித்ரா வெளியே போய் அவர் பைக் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் உள்ளே வந்து காப்பி குடிப்பார். நாங்களும் இதை ஒரு வினோதமாக நினைத்ததில்லை. எங்களுக்கும் அது ஊறிப் போயிருந்தது. பஸ்ஸில் ஒரு சீட்டருகே கூட்டம் சேர்ந்தாலே எனக்குள் ஏதோ எண்ண ஆரம்பித்துவிடும்.

அலமாரிக்குள் அடித்த போன்

அப்படிப்பட்டவள் எதற்கு நோயாளி பராமரிப்புப் படிக்கப் போனாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆபீஸுக்குள் போன் கொண்டு போகக் கூடாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் ஒரு நாள் மதியம் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் கடைக்காரர் தராசை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வருவார், புகை எந்தத் திசை என்று பார்க்க. பவித்ரா பள்ளிக்கூடத்தில் டீச்சரின் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். என் போன் வாட்ச்மேன் அலமாரிக்குள் அடித்துக்கொண்டே கிடந்திருக்கிறது.

எங்கள் ஆபீஸில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கூப்பிட்டது எனக்குத் தெரியாது, போனை வாங்கிப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் யூனிபார்மோடு நிற்கிறாள்.

"போன எடுக்க மாட்டியா நீ? எடுக்கவே மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலால் என்னை அடித்தாள். பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. மகள் கூப்பிட்டால் எடுக்க முடிகிற ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் போன் எடுத்தால் சிஸ்டர் முறைப்பார். முறைத்தால் முறைக்கட்டும்.

பொம்மையின் கழுத்து

விருதுநகரில், சூலக்கரைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி. ஒரே கட்டடத்தில் வெல்டிங், ஏசி மெக்கானிக், தையல், அப்புறம் நாங்கள். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் ஆபீஸ்காரிகள்தான். எனக்கு ஜோடி முத்துச்செல்வி. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தவள், வாய் மூடாதவள்.

சொல்லிக் கொடுத்தவர் பொன்மணி மிஸ். பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டு வந்தவர். முதல் நாள் யூனிபார்ம் துணியைக் கொடுத்தார். நாங்கள் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். பாலியஸ்டர். வெடிமருந்துக்குப் பக்கத்தில் அந்தத் துணி ஆகாது, உரசினால் பொறி வரும் என்று எங்களுக்குச் சொல்லியே வளர்த்திருந்தார்கள்.

"இங்க என்னம்மா வெடிமருந்து இருக்கு?" என்றார் மிஸ்.

"இல்லதான் மிஸ். ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே" என்றாள் முத்துச்செல்வி.

எங்கள் வகுப்பறைக்கு அடுத்தது வெல்டிங் பட்டறை. நடுவில் கண்ணாடி போன ஒரு ஜன்னல். முதல் வாரம், கட்டிலில் ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்று மிஸ் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெல்டிங் ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகப் பூப்பூவாகப் பொறி சிதறியது.

பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. நினைவு வந்தபோது நாங்கள் எல்லாரும் மைதானத்தின் கடைசியில், வேலியோரம் நின்றுகொண்டிருந்தோம். முத்துச்செல்வி கையில் மணல் வாளி. அதை எங்கிருந்து எடுத்தாள் என்று இன்று வரை தெரியாது.

மிஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, நோயாளிய விட்டுட்டா ஓடுவீங்க? அது மனுஷனா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னதை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டோம். அதனால் அடுத்த மாதம் மறுபடி பொறி பறந்தபோது, நோயாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலையை நான் பிடித்திருந்தேன், காலை முத்துச்செல்வி பிடித்திருந்தாள். வராந்தாப் படியில் அவள் ஒரு பக்கம் இறங்க, நான் மறுபக்கம் இறங்கினேன். தலை என் கையோடு வந்துவிட்டது.

பொன்மணி மிஸ் அன்று எதுவும் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

புதுப் பொம்மை தேர்வுக்குள் வராது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே உயிருள்ள நோயாளியை அவரவரே கூட்டி வர வேண்டும் என்று முடிவாயிற்று. உடைத்தவர்கள் நாங்கள், வகுப்பு முழுக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் எங்களோடு ஒருத்தியும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

நோயாளி கிடைத்தார்

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஊரு பாக்க என்னையக் கட்டில்ல போட்டுத் தொடைக்கப் போறியா? மானம் மரியாதை இருக்குல்ல" என்று லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமியாரிடம் கேட்டேன். "ஏன்த்தா, என்னையப் படுக்கவச்சுப் பாக்க ஒனக்கு அம்புட்டு அவசரமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் பைக் சத்தம். வீட்டுக்காரர் இல்லாமல் உள்ளே மூணு பேர்தான், ஆனாலும் பவித்ரா பழக்கத்தில் சொல்லாமலே எழுந்து வெளியே போனாள். அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"ஆர்டர் குமிஞ்சு கெடக்கு தாயி. ஒன் ரூம்ல மூணு பேருதான் இருக்காக. ஒன் எடத்துல நான் இன்னும் ஆளு போடல. எப்ப வார?"

"பரீச்சை இருக்கு அண்ணாச்சி. பாஸானா விருதுநகர்லயே ஒரு ஆஸ்பத்திரியில வேல தாரோம்னு சொல்லியிருக்காக."

"பெயிலானா?"

"அடுத்த பரீச்சை தீவாளி கழிச்சுத்தான்."

"அப்ப சீசனுக்கு இங்கனதான?" அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"வேற வழி? இப்ப நோயாளியே கெடைக்கல. ஆளு இல்லாம நான் எங்குட்டுப் பாஸாக?"

காப்பியை ஊதிக் குடித்தபடி விவரம் கேட்டுக்கொண்டார். "நோயாளிக்கு என்ன வேல?"

"சும்மா படுத்துக் கெடக்கணும்."

"நான் வாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. நீ பெயிலானா அங்கனயே வண்டியில ஏத்தி நேரா ஆபீஸுக்குக் கொண்டு போயிருவேன். சம்மதமா?"

மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிற மாதிரிதான். ஆனாலும் சம்மதம் என்றேன். எனக்கு வேறு ஆள் ஏது? தேர்வு அன்று காலையில் சொன்னபடி வந்தார். பைக்கில் எனக்கென்று ஒரு ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கட்டிலுக்குத் திரும்புவோம்

எனக்குக் கிடைத்த கேள்வி இது: நோயாளிக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை. பேச்சு வராது. உடம்பைத் துடைத்துவிட்டு, அவரைக் கட்டிலில் வைத்தபடியே விரிப்பை மாற்ற வேண்டும்.

அண்ணாச்சி நியாயஸ்தர். கெடுக்க வந்தவர்தான், ஆனால் கொடுத்த வேலையில் குறை வைக்கத் தெரியாது. வாயைக் கோணினார், கையைத் துவளவிட்டார், எச்சில்கூட ஒழுகவிட்டார். திருப்பும்போது சிமெண்டு மூட்டையாகக் கனத்தார். நானும் முத்துச்செல்வியும் மூச்சு வாங்கினோம். உள்ளங்காலைத் துடைத்தபோது கூசியிருக்கிறது. பக்கவாதக்காரர் சிரிக்கக் கூடாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். கட்டில் மட்டும் குலுங்கியது.

எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் அவர் சொல்ல நான் செய்தவள். அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, லேசா இந்தப் பக்கம் சாயப் போறோம்" என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.

அறையில் நான், முத்துச்செல்வி, கட்டிலில் அண்ணாச்சி, மூலையில் பொன்மணி மிஸ். தேர்வாளர் பக்கத்து அறையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதுரைக்காரர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொன்னாலே பொன்மணி மிஸ் சேலையைச் சரி செய்துகொள்வார்.

அண்ணாச்சியை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். பழைய விரிப்பைச் சுருட்டி அவர் முதுகுக்கடியில் செருகுகிற முக்கியமான நேரம். வாசலில் செருப்புச் சத்தம். தரையில் ஒரு நிழல் விழுந்தது.

நான் நிமிரவே இல்லை. எண்ணியது புத்தி இல்லை, உடம்பு. வாய் தானாகத் திறந்தது.

"ஆளு கூடுது! வெளிய!"

அது என் குரல். அதே நொடியில் இன்னொரு குரலும் வந்தது. பேச்சு வராத நோயாளி, அசையாத வலது கையை விசுக்கென்று தூக்கி, வாசலை நோக்கி நீட்டி, ஆபீஸே அதிர்கிற அந்தத் தொண்டையில் கத்தினார்:

"அஞ்சாவது ஆளு வெளிய!"

தேர்வாளர் அம்மா வெளியே போய்விட்டார். யோசித்துப் போகவில்லை, அந்தச் சத்தம் அப்படி. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நின்றுவிட்டது. பொன்மணி மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு அப்பாலிருந்து நிதானமாக ஒரு குரல் கேட்டது.

"பேச்சு வராதவருக்குப் பேச்சு வந்துடுச்சு. வலது கையும் தூக்குறார். ஆறு மாசப் படிப்புல இவ்வளவு குணமாக்குவீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே பொன்மணி."

முத்துச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. போச்சு, ஹெல்மெட்டை மாட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஏன் விரட்டினாய் என்று தேர்வாளர் அம்மா வெளியே நின்றபடியே கேட்டார். நாலு பேர் சட்டத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"அது அங்கே சரிம்மா. இது ஆஸ்பத்திரி. நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா பின்னாடியே பத்து பேர் வருவாங்க. அத்தனை பேரையும் விரட்டுவியா? நான் இப்ப உள்ளே வரப்போறேன். நீ விரிப்பை முடி."

அஞ்சு பேர்

அவர் உள்ளே வந்து நின்றார். அஞ்சு பேர்.

என் கைக்கு அடியில் அண்ணாச்சியின் தோள் கட்டையாக விறைத்தது. குனிந்து பார்த்தேன். வாயை மறுபடி கோணி வைத்திருந்தார், ஒப்புக்கொண்ட வேலையல்லவா. ஆனால் நெற்றியெல்லாம் வேர்வை. கண் வாசலையே பார்த்தது. மூச்சு மேலும் கீழும் இரைத்தது. அது நடிப்பில்லை.

இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் பயந்தோம். சத்தம் போட்டவர் எவ்வளவு பயந்துகொண்டிருந்தார் என்று அன்றுதான் பார்த்தேன்.

விரிப்பை விட்டுவிட்டேன். அவர் கையைப் பிடித்தேன். என் இன்னொரு கையை அவர் நெஞ்சில் வைத்தேன்.

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. இங்க மருந்து இல்ல, திரி இல்ல. வெறும் கட்டிலும் பேசினும்தான். நான் இங்கனதான் நிக்கேன். மெதுவா மூச்ச விடுங்க."

"அஞ்சு பேரு இருக்கீக தாயி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"இருக்கட்டும். நீங்க பேசாதீக. ஒங்களுக்குப் பேச்சு வராது."

அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. தோள் மெல்லத் தளர்ந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், குதிரையாக ஓடியது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. பிறகுதான் விரிப்பைத் தொட்டேன். சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரத்தை மடித்துச் செருகினேன். அவசரப்படவில்லை. யாரும் வெளியே போகவும் இல்லை.

தேர்வாளர் அம்மா பேனாவைத் திறந்தபடி நின்றிருந்தார். "நோயாளி பயந்தா என்ன செய்யணும்னு இவளுக்கு ஒரு கேள்வி வச்சிருந்தேன். அதைக் கேக்க வேண்டியதில்லை" என்றார் பொன்மணி மிஸ்ஸிடம். பிறகு அண்ணாச்சிக்குப் பிரஷர் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. நோயாளியாக நடிக்க வந்தவர், டாக்டரைப் பார்க்கச் சொன்ன சீட்டோடு எழுந்தார்.

நான் பாஸ். முத்துச்செல்வியும் பாஸ். சிரித்ததற்கு அவளுக்கு மார்க் குறைந்தது.

ஹெல்மெட்

வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணாச்சி பேண்ட் சட்டைக்கு மாறி நின்றார். எனக்கென்று கொண்டுவந்த ஹெல்மெட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சங்கடமாக இருந்தது. சீசன் நேரத்தில் கைதேர்ந்த ஆளை இழப்பது போர்மேனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அப்போது என் போன் அடித்தது. பவித்ரா. எடுத்துக் காதில் வைத்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாப்பில் தண்ணீர் பாட்டிலால் அடி வாங்கிய கதை அவருக்கும் தெரியும்.

பைக்கை உதைத்துக் கிளப்பினார். பிறகு, நான் போனில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், தெரு முனை வரை கேட்கும்படி சத்தம் போட்டார்.

"ஏத்தா, கேட்டுக்கோ! இன்னைக்கே ஒன் எடத்துல ஆளு போட்டுருவேன். ரூம்ல நாலு ஆயிரும். இனிமே நீ வந்தா அஞ்சாவது ஆளு. வாசல்லயே நிறுத்திருவேன், ஆமா!"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். புழுதி அடங்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.

"யாரும்மா அப்படிக் கத்துறது?" என்றாள் பவித்ரா.

"சங்கையா மாமா. இனிமே என்னைய ஆபீஸுக்குள்ள விடமாட்டாராம்."

பவித்ரா சின்னக் குரலில் கேட்டாள், "அப்ப நான் கூப்பிட்டா போன எடுப்பியா?"

"எடுத்துட்டுத்தான பேசுறேன், கிறுக்கி."